இலவசமாக வரும் காவற்காரன்



திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றே முக்கால் பக்கம் வீட்டுச் சண்டை. கால் பக்கம் கேள்வி. சண்டைக்குக் காரணம் மாமியார் அல்ல, நாத்தனாரும் அல்ல. ஹால் மூலையில் மேஜைமேல் வீற்றிருக்கும் கம்ப்யூட்டர்!

அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு ஜாபிதாவே கொடுத்திருக்கிறார். ஓய்வு பெற்ற கணவரின் பென்ஷன் காகிதங்கள், பெண்ணின் காலேஜ் பாடங்கள், பிள்ளை அனுப்பிய பேரக் குழந்தையின் படங்கள், இவருடைய ஊறுகாய் வியாபாரக் கணக்கு, அப்புறம் காலமான மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுப் பாடிய பாட்டு ஒன்று. அந்தப் பாட்டு வேறு எங்கும் இல்லையாம்.

கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே ஒரு வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் ஒரு வருஷத்துக்கு வந்ததாம். வருஷம் முடிந்துவிட்டது. இப்போது தினம் காலையில் பெட்டியைத் திறந்தவுடன், “உங்கள் காவல் முடிந்துவிட்டது, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்” என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறதாம். “பணத்தைக் கட்டித் தொலைப்போம்” என்கிறார் கணவர். “விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது அம்மா, அதுவே போதும்” என்று போனில் சொல்கிறான் பிள்ளை. “இலவசமாகக் கிடைப்பதில் இரண்டைப் போட்டுவிடுங்கள் மன்னி, ஒன்றுக்கு இரண்டாகக் காவல் இருந்தால் நல்லதுதானே?” என்கிறார் கொழுந்தனார். “எந்த இலவசத்தைப் போடட்டும்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார் சகோதரி.

முடிச்சைக் கடைசி வரியில் அவிழ்ப்பது தொடர்கதைக்கு அழகு. அதற்கு இந்த இதழில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்குப் பிள்ளை சொல்வதுதான் சரி. கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கொழுந்தனார் யோசனையை மட்டும் கேட்க வேண்டாம். அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஏன் என்று தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அடுத்த வருஷம் வேறு யாராவது வேறு பெயரைச் சொன்னால் மறுபடி நாலு பக்கம் எழுத வேண்டி வருமே! கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்ப்போம்.

வைரஸ் என்பதும் ஒரு சாஃப்ட்வேர்தான். யாரோ உட்கார்ந்து எழுதியது. நமக்குத் தெரியாமல் பெட்டிக்குள் நுழைந்து, தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்கும் பரவும். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் முதன்முதலாகப் பரவிய வைரஸ் எங்கே பிறந்தது தெரியுமா? நம் அண்டை நாட்டில், லாகூரில்! 1986ஆம் வருஷம். பாஸித், அம்ஜத் என்று இரண்டு சகோதரர்கள் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய வைத்திய சம்பந்தமான சாஃப்ட்வேரைப் பலர் காசு கொடுக்காமல் பிரதி எடுக்கிறார்களே என்ற கோபத்தில் ‘பிரெயின்’ என்ற வைரஸைச் செய்தார்கள். அதிலே வேடிக்கை என்னவென்றால், தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி, மருந்துக்கு எங்களைக் கேளுங்கள் என்றும் சேர்த்திருந்தார்கள்! ஃப்ளாப்பித் தட்டுகளின் வழியாக அது கடல் கடந்து போய்விட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து, 2011ல், மிக்கோ ஹிப்பனன் என்ற பின்லாந்து நிபுணர் அந்த விலாசத்தைத் தேடிப்போய்க் கதவைத் தட்டினார். அதே இடத்தில் அதே சகோதரர்கள் இருந்தார்கள். வந்தவரோடு உட்கார்ந்து பழைய கதையைப் பேசினார்கள்.

இன்றைக்கு வைரஸ் எழுதுகிறவர்கள் விலாசம் கொடுப்பதில்லை. கோபத்துக்காகவும் எழுதுவதில்லை, பணத்துக்காக எழுதுகிறார்கள். உங்கள் படங்களையும் காகிதங்களையும் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் இத்தனை டாலர் கொடு என்று கேட்கிற வகைதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற ஒன்று சுமார் 150 தேசங்களில் புகுந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூட ஸ்தம்பித்துப் போயின. பெட்டிக்கு 300 டாலர் கேட்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மராமத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே, அனுப்பியிருந்தது. “அப்டேட் செய்யட்டுமா?” என்று பெட்டி கேட்டபோதெல்லாம் “அப்புறம், அப்புறம்” என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

காவற்கார சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? போலீஸ் ஸ்டேஷன் சுவரில் கேடிகளின் போட்டோவை ஒட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி தெரிந்த வைரஸ்களின் அங்க அடையாளங்களை அது வைத்திருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொரு ஃபைலையும் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. புதிய கேடிகள் தினம் தினம் கிளம்புவதால் படங்களும் தினம் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அடையாளம் தெரியாத புது ஆசாமி வந்தால்? அவன் நடத்தையைப் பார்க்கிறது. திடீரென்று நூறு ஃபைல்களை ஒரே மூச்சில் பூட்டத் தொடங்கினால், “யாரப்பா நீ?” என்று கையைப் பிடிக்கும். இலவசமானாலும் பணம் கொடுத்து வாங்கியதானாலும் இந்த அடிப்படை வேலை ஒன்றுதான். பல கம்பெனிகள் இரண்டுக்கும் ஒரே யந்திரத்தைத்தான் உபயோகிக்கின்றன. பணம் கொடுத்தால் கூடக் கிடைப்பது பாஸ்வேர்டுப் பெட்டி, குழந்தைகளைக் கண்காணிக்கும் வசதி, கஷ்டமென்றால் போனில் பேச ஒரு ஆள், இப்படிச் சில.

இனி, பிள்ளை சொன்ன ‘விண்டோஸிலேயே ஒன்று’. அதன் பெயர் மைக்ரோஸாப்ட் டிஃபெண்டர். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், வைரஸ் தடுப்புக் காவலாகவே அது பெட்டிக்குள் குடியிருக்கிறது. ஆரம்ப வருஷங்களில் அதற்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை என்பது வாஸ்தவம். “அது சும்மா ஒப்புக்குச் சப்பாணி” என்று கடைக்காரர்கள் சொல்வது அந்தக் காலத்து அபிப்பிராயம். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்தில் ஏ.வி.டெஸ்ட் என்றும், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஏ.வி.கம்பாரடிவ்ஸ் என்றும் இரண்டு பரிசோதனை ஸ்தாபனங்கள் இருக்கின்றன. எல்லாக் காவற்கார சாஃப்ட்வேர்களுக்கும் பரீட்சை வைத்து மார்க் போடுவதே அவர்கள் தொழில். ஏ.வி.டெஸ்ட்காரர்கள் காவல் திறமைக்கு ஆறு, பெட்டியை மெதுவாக்காமல் இருப்பதற்கு ஆறு, உபத்திரவம் செய்யாமல் இருப்பதற்கு ஆறு, ஆக 18 மார்க் போடுகிறார்கள். அண்மை வருஷங்களில் டிஃபெண்டர் அங்கே முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கேடயம் போட்ட ஒரு ஜன்னல் திறக்கும். அதில் வைரஸ் சம்பந்தப்பட்ட இடத்தில் பச்சை அடையாளம் இருந்தால் காவல் நடக்கிறது என்று அர்த்தம். மஞ்சளோ சிவப்போ இருந்தால் கூடவே காரணமும் எழுதியிருக்கும். அவ்வளவுதான்! பணம் கேட்காது, “இன்றைக்குத் தள்ளுபடி, நாளைக்கு இல்லை” என்று கூவாது, விளம்பரம் காட்டாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதன்மேல் பிரியம்.

ஊறுகாய்ச் சகோதரி கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. மற்ற கம்பெனிகளின் இலவச சாஃப்ட்வேர்களில் பலவற்றில், “சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல” என்று நிபந்தனை எழுதியிருக்கிறது. யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஆவக்காய்க் கணக்கும் வியாபாரம்தானே! விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரில் இந்தத் தகராறு இல்லை.

இப்போது கேள்வியின் மறுபக்கத்துக்கு வருவோம். டிஃபெண்டர் பிடிக்கவில்லை, வேறு இலவசம்தான் வேண்டும் என்கிறவர்கள் என்ன செய்வது?

கடைத்தெருவில் நாலு பெயர்கள் பிரபலம்: அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா, நார்ட்டன். முதல் இரண்டும் செக் நாட்டில் பிறந்தவை, மூன்றாவது ஜெர்மனியில், நாலாவது அமெரிக்காவில். நாலையும் ஒப்பிட்டு, எது உசத்தி என்று ராத்திரி முழுவதும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் 2016ல் ஏ.வி.ஜி.யை அவாஸ்ட் வாங்கியது. 2021ல் அவிராவை நார்ட்டன் கம்பெனி வாங்கியது. 2022ல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாக இணைந்து, ஜென் டிஜிட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டன. அதாவது நாலு கடைக்கும் ஒரே முதலாளி! இந்தப் புடவை அந்தக் கடையில் மலிவாக இருக்குமோ என்று தெருவெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் பார்த்தால் எல்லாக் கடைகளிலும் ஒருவரே கல்லாவில் உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும்?

இங்கே இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும். காப்பிப் பொடிக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் சும்மா கொடுக்கிறார்கள் என்றால், ருசி பிடித்து அரைக் கிலோ வாங்குவீர்கள் என்பதற்காக. அது நியாயமான வியாபாரம். இலவசக் காவலும் பெரும்பாலும் இப்படித்தான்: நாளடைவில் பணம் கட்டும் பதிப்புக்கு மாறுவீர்கள் என்று காத்திருக்கிறார்கள். அதோடு லட்சக்கணக்கான வீடுகளில் காவல் நடந்தால், புதுக் கேடி எந்த வீட்டில் தலை காட்டினாலும் கம்பெனிக்குத் தகவல் போய்விடும். இதுவும் தவறில்லை.

ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் போன்ற குடும்ப ஸ்திரீகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவாஸ்ட் கம்பெனிக்கு ‘ஜம்ப்ஷாட்’ என்று ஒரு துணைக் கம்பெனி இருந்தது. காவலுக்கென்று வீட்டுக்குள் விட்ட சாஃப்ட்வேர், வீட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தது; ஜம்ப்ஷாட் அதை விற்றது. 2020 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகைகள் விஷயத்தை வெளியிட்டன. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன், ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேலே, அதாவது 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும், இனிமேல் இப்படிப்பட்ட தகவல்களை விளம்பரத்துக்காக விற்கக் கூடாது என்றும் முடிவு செய்தது. நூறு கம்பெனிகளுக்கு மேல் விற்கப்பட்டதாகக் கமிஷன் சொல்லிற்று. குற்றச்சாட்டுகளைத் தாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே கம்பெனி ராஜிக்கு வந்தது.

“பார்த்தால் பார்க்கட்டுமே, நான் என்ன திருட்டா செய்கிறேன்?” என்று கேட்பீர்கள். சற்று யோசித்துப் பாருங்கள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு இன்டர்நெட்டில்தான் தேடுகிறோம். பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி விசாரிக்கிறோம். நகைக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பார்க்கிறோம். வாய்விட்டு யாரிடமும் கேட்காததை எல்லாம் அந்தப் பெட்டியிடம் கேட்கிறோம். கமிஷனின் புகாரிலும் உடல்நிலை, மத நம்பிக்கை, பண நிலைமை முதலியவை வெளிப்படும் தகவல்கள் என்றுதான் குறிப்பிட்டிருந்தது. வாசலில் நிற்க வைத்த காவற்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் அவனைப் பற்றி என்ன நினைப்போம்?

அது முடிந்துபோன விவகாரம். இப்போதும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த இலவசத்தைப் போட்டாலும், போடும்போதே அதன் ஸெட்டிங்ஸில் ‘பிரைவஸி’ என்ற பக்கத்தைத் திறந்து, தகவலைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ளச் சம்மதம் கேட்கும் கட்டங்களில் இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ருமேனியாவிலிருந்து பிட்டிஃபெண்டர் என்று ஒன்று வருகிறது. அதன் இலவசப் பதிப்புக்கும் பரீட்சைகளில் நல்ல பெயர் உண்டு. ஆனால் ஈமெயில் கொடுத்துக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லும். ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கியும் கெட்டிக்காரக் காவல்தான். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024ல் அமெரிக்க சர்க்கார் அதன் விற்பனையைத் தடை செய்தது. கம்பெனி அந்தக் காரணத்தை மறுக்கிறது. நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது: சென்னையின் கே7, பூனாவின் க்விக் ஹீல். இவை பணம் கொடுத்து வாங்குபவை. சில நாள் ருசி பார்க்க மட்டும் இலவசம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு வேறு ஜாதி. அது வாசலில் நிற்காது. கூப்பிட்டால் வந்து வீட்டைச் சோதித்துவிட்டுப் போய்விடும். சந்தேகம் வந்தபோது இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது போல அதை உபயோகிக்கலாம். நம் சர்க்காரும் 2017ல் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்று ஒன்றை ஆரம்பித்து, பெட்டிக்குள் புகுந்த கெட்ட சாஃப்ட்வேரைத் துப்புரவு செய்யும் கருவிகளை இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. இது நம்மில் அநேகருக்குத் தெரியாது.

இனி கொழுந்தனாருக்குப் பதில். வாசலில் இரண்டு கூர்க்காக்களை நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஃபைலைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் சோதிப்பேன்” என்று மல்லுக்கு நிற்பார்கள். ஒருவன் வைத்திருக்கும் கேடிப் படங்களைப் பார்த்து மற்றவன், “ஆ! கேடி!” என்று கூச்சல் போடுவான். நடுவில் பெட்டி நகராது. இதனால்தான் வேறு காவல் வந்து உட்கார்ந்தால் டிஃபெண்டர் மரியாதையாகத் தானே ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் காவலை எடுத்துவிட்டால் திரும்பி வந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் திருச்சிச் சகோதரியின் உண்மையான ஆபத்து இருக்கிறது. வருஷம் முடிந்துபோன அந்தப் பழைய காவற்காரன் வேலையும் செய்யாமல், இடத்தையும் விடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் இருக்கும்வரை சில சமயம் டிஃபெண்டர் உள்ளே வராது. ஆகவே முதல் வேலை அவனை அனுப்புவது. ஸெட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ என்ற பகுதிக்குப் போய், அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். போக மாட்டேன் என்று அடம் பிடித்தால், பெரிய கம்பெனிகள் அதற்கென்றே தனிக் கருவி கொடுக்கின்றன. அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியை அணைத்துத் திறந்து, கேடயம் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு தடவை ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். விண்டோஸ் விழித்துக்கொள்வதற்கு முன்பே வீட்டைச் சோதிக்கிற சோதனை அது. கால் மணி நேரம் ஆகும். ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

போலிக் காவற்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏதோ கோலம் பார்க்கலாம் என்று ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, ஓலமிட்டு, “உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்!” என்று வரும். பிரபல கம்பெனியின் முத்திரையும் இருக்கும். அத்தனையும் பொய். உண்மையான காவல் எதுவும் டெலிபோன் நம்பர் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. கூப்பிட்டால் தேனொழுகப் பேசி, எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் பெட்டியை அங்கிருந்தே ஆட்டி வைப்பார்கள். கடைசியில் பாங்க் கணக்கில் வந்து நிற்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றே: ஆல்ட் பொத்தானையும் எஃப்4 பொத்தானையும் சேர்த்து அமுக்கி அந்த ஜன்னலை மூடுங்கள். மூடவில்லையா? பெட்டியையே அணைத்துவிடுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

சில வீடுகளில் இதே பயமுறுத்தல் கீழ் மூலையில் சின்னச் சின்னச் சீட்டாக நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். எப்போதோ ஏதோ ஒரு தளம், “உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா?” என்று கேட்டபோது ‘அலௌ’ கொடுத்ததன் பலன். க்ரோமின் ஸெட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் தள்ளிவிடுங்கள். பத்து ரூபாய் செலவில்லை. இதற்காகக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்து ‘ஃபார்மட்’ செய்தவர்கள் எத்தனை பேர்!

ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்காதீர்கள். 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கென்று மத்திய சர்க்கார் வைத்திருக்கும் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் மறிக்க வாய்ப்பு இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தை, “அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ” என்று கழித்துவிடுவதுதான் நம் பக்கத்துக் கஷ்டம்.

எத்தனை நல்ல காவல் போட்டாலும், கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் என்ன செய்ய முடியும்? நம் ஊரில் கொல்லைக் கதவுகள் இரண்டு. ஒன்று, ஜெராக்ஸ் கடை. பெண்ணின் ஹால் டிக்கெட்டைப் பிரதி எடுக்க பென் டிரைவைக் கொண்டுபோகிறோம். நாள் முழுவதும் நூறு பேருடைய பென் டிரைவைச் சொருகிய பெட்டி அது. திரும்பி வந்து பார்த்தால் ஃபைல்கள் எல்லாம் காணாமற் போய், அம்புக்குறி போட்ட ‘ஷார்ட்கட்’களாக நிற்கும். பதறாதீர்கள், பெரும்பாலும் அசல் ஃபைல்கள் உள்ளேயே ஒளிந்துதான் இருக்கும். அவற்றைக் க்ளிக் செய்யாமல், பென் டிரைவின்மேல் வலது பொத்தானை அமுக்கி டிஃபெண்டரை விட்டுச் சோதியுங்கள். அந்தக் கடைக்கென்று ஒரு பழைய பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்வது உத்தமம். வீட்டுப் படங்கள் அதில் வேண்டாம்.

இன்னொன்று, ‘க்ராக்’. ஆயிரக்கணக்கில் விலையுள்ள சாஃப்ட்வேரை, பூட்டை உடைத்துச் சும்மா கொடுக்கிறார்கள். போடுகிற முறை எப்படி எழுதியிருக்கும் தெரியுமா? “முதலில் ஆன்ட்டி வைரஸை நிறுத்தவும்” என்று! காவற்காரனைத் தூங்க வைத்துவிட்டு வா என்று சொல்கிறவன் யாராக இருப்பான்? ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களில் ஒரு பெரிய குடும்பமே இந்த வழியாகத்தான் நம் தேசத்து வீடுகளுக்குள் வந்தது. பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்தவர் விண்டோஸையே இப்படிப் போட்டிருந்தால், பெயருக்குத்தான் காவல் இருக்கும்.

மாமியாரின் பாட்டு ஞாபகம் இருக்கிறதல்லவா? அதை எந்தக் காவற்காரனை நம்பியும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. வைரஸ் வராமலே ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றுவிடலாம். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, படம், பாட்டு, காகிதம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, முடிந்தவுடன் கம்பியைப் பிடுங்கி பீரோவுக்குள் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால், உள்ளே வந்த திருடன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். கூகிள் கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசமாக இடம் தந்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும். வருஷச் சந்தா கட்டலாம் என்கிற கணவரிடம், அந்தப் பணத்தை டிஸ்க்குக்குக் கொடுக்கும்படி நயமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் வார்த்தையில் பாதி நியாயம் என்று சொன்னது இதற்குத்தான்: காவலுக்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் நினைத்த இடத்தில் அல்ல. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்து அவர்களைக் கண்காணிக்க வேண்டும், அல்லது கஷ்டம் வந்தால் போனில் உதவி செய்ய ஆள் வேண்டும் என்றால் மட்டும் சந்தா கட்டுவதில் அர்த்தம் உண்டு.

கேட்க மறந்துவிட்டேனே, உங்கள் பெட்டியில் இருப்பது எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10 என்றால் அதற்கான பொது மராமத்தை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோஸாப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஒரு நீட்டிப்புக் கொடுத்தது. சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்கு வாசற்காவல் போட்டு என்ன செய்வது? பெட்டி இடம் கொடுத்தால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை. ரொம்பப் பழைய பெட்டியாக இருந்தால் அது ஏற்காது. அப்போது பாங்க் வேலையை மட்டுமாவது வேறு பெட்டியில் செய்யுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர், “போனுக்கும் ஆன்ட்டி வைரஸ் போட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டு போன்களில் 2017 முதல் ‘ப்ளே ப்ரொடெக்ட்’ என்ற காவல் கூடவே வருகிறது. ப்ளே ஸ்டோரில் மட்டும் ஆப்களை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அதுவே போதும். தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்து, அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால் மட்டும் திறக்காதீர்கள். அது பத்திரிகை அல்ல, போனுக்குள் குடிபுக வருகிற ஆப். நிஜமாகவே கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் தேதியையும் மண்டபத்தையும் வாயால் சொல்ல மாட்டார்களா, என்ன?